சீட்டை மாற்றுவதற்கு முன்னால் ஆலன் கீயை எடுங்கள்

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஆறு மாதத்துக்கு முன்னால் கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி வரை போய் வருகிறேன், முக்கால் மணி நேரத்திலேயே உட்கார முடியாமல் வலிக்கிறது, ஏற்றத்தில் சில நேரம் முன்பக்கம் மரத்தே போய்விடுகிறது, மெத்தென்று ஒரு ஜெல் உறை வாங்கிப் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது, ஐயாயிரம் ரூபாயில் ஒரு சீட் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா என்று.

இப்போதைக்கு வாங்காதீர்கள் தம்பி. அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சீட்டைவிட அது வைக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் கோளாறு அதிகம் என்று தோன்றுகிறது. இருபது வருடமாக இந்த மலைச் சாலைகளில் ஓட்டுகிறேன், பழக்கப்பட்டவர்கள் பலருக்கு சீட்டைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் ஒரு ரூபாய் செலவில்லாமல் சரியானவைதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வேலை, அந்த ஜெல் உறையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். சைக்கிளில் உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்க வேண்டியது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். கல் திண்ணையில் உட்கார்ந்து லேசாக அசைந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அவை குத்துவது தெரியும். எடையைத் தாங்கவே அமைந்த எலும்புகள் அவை. அந்த இரண்டுக்கும் நடுவில், முன்பக்கமாக, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற மெல்லிய சதை இருக்கிறது. அது அழுத்தத்தைத் தாங்காது. இப்போது பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றில் இரண்டு முஷ்டியையும் வைத்து அழுத்துங்கள். முஷ்டி உள்ளே போகப் போக நடுவில் பஞ்சு மேலே பிதுங்கிக்கொண்டு வரும். ஜெல் உறையில் நடப்பது அதேதான். எலும்புகள் அமிழ்ந்துவிடுகின்றன, பிதுங்கி வருகிற ஜெல் நடுவில் இருக்கும் சதையைப் போய் அழுத்துகிறது. கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும்போதும் முதல் ஐந்து நிமிடமும் சுகமாகத்தான் இருக்கும், அரை மணி நேரத்தில் மரத்துவிடும். நீண்ட தூரம் ஓட்டுபவர்களின் சீட்டெல்லாம் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி நம் ஊருக்கென்றே இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் சமதளத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘சீட் தரைக்கு இணையாகச் சமமாக இருக்க வேண்டும்’ என்பார்கள். கோயம்புத்தூரில் சரி. ஆனால் நாம் ஓட்டுகிற சாலை சமமாக இல்லையே. நம்ம மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அங்கே சரிவு ஏறத்தாழ 12-க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி ஏற்றம். அதே சரிவுள்ள சாலையில் உங்கள் சைக்கிள் ஏறும்போது முழு சைக்கிளும் கிட்டத்தட்ட 5 டிகிரி பின்னால் சாய்கிறது. தரையில் சமமாக வைத்த சீட்டின் மூக்கு, அதாவது குறுகலான முன் முனை, ஏற்றத்தில் அந்த 5 டிகிரியும் மேலே தூக்கிக்கொண்டுதான் நிற்கும். ஹட்டிகளுக்குள், அதாவது படுகர் ஊர்களுக்குள், போகிற கான்கிரீட் பாதைகளில் சரிவு இன்னும் செங்குத்து, அங்கே இன்னும் அதிகம்.

இதோடு முடியவில்லை. பெடல் சுற்றும் அச்சிலிருந்து உங்கள் சீட் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதே 12-க்கு 1 சரிவில் சைக்கிள் பின்னால் சாயும்போது, அச்சைவிட சீட் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் கூடுதலாகப் பின்னுக்குப் போய்விடுகிறது. பெடலை மிதிக்கக் காலை முன்னால் நீட்டி எட்ட வேண்டிய நிலை. உடம்பு இதை விரும்பாது, நீங்கள் அறியாமலேயே இடுப்பு மெல்ல மெல்ல முன்னால் நகரும். நகர்ந்து எங்கே போய் உட்காரும்? சீட்டின் மூக்கில். அங்கே அகலம் இல்லை, எலும்புகளுக்கு இடமே கிடையாது, அதுவும் மூக்கு மேலே தூக்கியிருக்கும் நேரம் பார்த்து. எடை முழுக்க அந்த மெல்லிய சதையில் இறங்குகிறது. ஏற்றத்தில் மட்டும் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியை வைத்துத்தான் சீட் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதன் மூக்கில் உட்கார்ந்தால் மரக்கத்தான் செய்யும்.

அதனால் மலையில் ஓட்டுபவர் சீட்டின் மூக்கை சமதளத்து அளவைவிட 2 டிகிரி, மிஞ்சிப் போனால் 3 டிகிரி கீழே இறக்கிக்கொள்ளலாம். சீட்டையும் கொஞ்சம், 5 முதல் 10 மில்லிமீட்டர், முன்னால் தள்ளலாம். இறக்கத்தில் மூக்கு ரொம்பக் கீழே போய்விடாதா என்று கேட்பீர்கள். போகும், ஆனால் செங்குத்தான இறக்கத்தில் நீங்கள் சீட்டில் முழு எடையோடு உட்காரக் கூடாது, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, எடையைக் காலில் வைத்து, லேசாக எழும்பித்தான் இறங்க வேண்டும். ஆகவே சீட்டை ஏற்றத்துக்காக வையுங்கள். ஒரு எச்சரிக்கை: மூக்கை அளவுக்கு மீறி இறக்கினால் சமதளத்தில் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், அதைத் தடுக்கக் கை ஹேண்டில்பாரைத் தள்ளும், உள்ளங்கை மரக்கும், தோள் வலிக்கும். கை மரத்தால் அரை டிகிரி, ஒரு டிகிரி மேலே கொண்டு வாருங்கள்.

சாய்வை அளக்க ஃபோனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியே போதும். கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் ஃபோனை வையுங்கள். சில சீட்டுகளில் வால் பக்கம் மேலே தூக்கி இருக்கும், அப்படி இருந்தால் வாலை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கல், சமமான தரை கிடைப்பதே அபூர்வம். வாசல் என்றால் மழைத் தண்ணீர் ஓடச் சரிவு வைத்துத்தான் பூசியிருப்பார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், சைக்கிளை அதே இடத்தில் திருப்பி, முன் சக்கரம் இருந்த புள்ளியில் பின் சக்கரம் வருகிற மாதிரி நிறுத்தி மறுபடி அளங்கள். ஒரு பக்கம் நிறுத்தும்போது மூக்கு 4 டிகிரி கீழே, மறுபக்கம் சமம் என்று வந்தால் உண்மையான சாய்வு 2 டிகிரி கீழே. தரையின் சரிவு தானாகக் கழிந்துவிடும்.

அப்புறம் அந்த போல்ட். உங்கள் மாதிரி சைக்கிள்களில் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் ஒரே ஒரு போல்ட், 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆலன் கீ (ஆறு பக்கம் உள்ள L வடிவச் சாவி) போடுகிற மாதிரி இருக்கும். அதைத் தளர்த்தினால் இரண்டு பாகம் பிரியும், அவற்றில் ரம்பப் பல் மாதிரி வரிவரியாக இருக்கும். ஒரு பல் தள்ளினால் சாய்வு ஒரு படி மாறும். இறுக்குவதற்கு முன் அந்தப் பற்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணை எடுத்துவிட்டு, பல்லுக்குள் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான் ஒரு முறை அவசரத்தில் பல் பாதி ஏறிய நிலையிலேயே இறுக்கிவிட்டேன், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு குழியில் விழுந்ததும் ‘டக்’கென்று சீட்டின் மூக்கு வானத்தைப் பார்த்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுக்கு ஐம்பது அடி முன்னால். நல்ல வேளையாக எழும்பி நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து சீட்டை மாற்றிய எந்தச் சைக்கிளையும், மூக்கையும் வாலையும் பிடித்து உடம்பு எடை கொடுத்து அமுக்கிப் பார்க்காமல் ரோட்டில் விடுவதில்லை.

சரி, உயரம். நியாயமாக இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், செய்யும்போது உயரம், முன்பின், சாய்வு என்ற வரிசையில் செய்யுங்கள், ஏனென்றால் சீட்டைப் பின்னால் தள்ளினால் பெடலுக்கு உள்ள தூரம் கூடி உயரமும் கூடின மாதிரி ஆகிவிடும். எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்காருங்கள், நீங்கள் வழக்கமாக ஓட்டும் செருப்போ ஷூவோ போட்டபடி. குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கி மிதியுங்கள். பெடல் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்து ஓட்டும்போது முழங்காலில் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும். கணக்காக வேண்டுமென்றால், சுவரோரம் வெறுங்காலோடு நின்று, ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட் மாதிரி இறுக்கமாக மேலே ஏற்றி, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் வந்தால் 70.6. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு. அது தொடக்கப் புள்ளிதான், அங்கிருந்து உடம்பு சொல்வதைக் கேட்டு 3 முதல் 5 மில்லிமீட்டராக ஏற்றி இறக்க வேண்டும். முழங்காலின் முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, பின்னால் இழுத்தால் உயரம். பின்னால் வருகிற நண்பரை உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், மிதிக்கும்போது இடமும் வலமும் ஆடினால் உயரம் அதிகம். தொடையின் உள்பக்கம் உரசிப் புண்ணாவதற்கும் பல நேரம் அந்த ஆட்டம்தான் காரணம்.

இங்கே புதிதாக ஓட்டுபவர்களில் அநேகம் பேர் சீட்டைத் தாழ்வாக வைக்கிறார்கள். இறக்கத்தைப் பார்த்துப் பயம், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற எண்ணம். பயம் நியாயமானதுதான், ஆனால் நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொண்டால் போதும். சீட் தாழ்ந்திருந்தால் கால்கள் எடையை வாங்குவதில்லை, முழு உடம்பும் மூட்டை மாதிரி சீட்டில் உட்கார்ந்துவிடும். சரியான உயரத்தில் நன்றாக மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு கொஞ்சம் எழும்புகிறது, சீட்டுக்குப் போகிற பாரம் அந்த அளவு குறைகிறது.

முன்பின் பார்க்க ஒரு நூலும் ஒரு நட்டும் போதும். பெடல் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காலின் முட்டிச் சிப்பிக்குக் கீழே நூலைப் பிடித்தால் நட்டு பெடலின் அச்சுக்கு நேராகத் தொங்க வேண்டும். இது விஞ்ஞான விதி ஒன்றும் கிடையாது, தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான். நான் மேலே சொன்ன 5 முதல் 10 மில்லிமீட்டர் இதிலிருந்து முன்னால்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன்னால் சீட் போஸ்டில், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாயில், ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றிப் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வலி குறைந்தாலும் எது குறைத்தது என்று தெரியாது, கூடினாலும் தெரியாது.

இவ்வளவும் செய்து மூன்று வாரம் ஓட்டிய பிறகும் எலும்பு இருக்கும் இடத்துக்கு வெளியே வலி தொடர்ந்தால், அப்போது சீட்டை மாற்றலாம். அதற்கு உங்கள் அளவு தெரிய வேண்டும். மளிகைக் கடையில் டீத்தூள் வருகிற நெளிநெளி அட்டைப் பெட்டி ஒன்றை வாங்கி ஒரு பக்கத்தை வெட்டி, கல் படியில் போட்டு, மெல்லிய துணியோடு அதன் மேல் உட்காருங்கள். சைக்கிளில் குனிவது போல் முன்னால் குனிந்து, குதிகாலை உயர்த்தி, ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம். வெளிச்சத்தில் சரியாகத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்க வைத்து அட்டை முழுக்கத் தேயுங்கள், பள்ளம் மட்டும் வெள்ளையாகாமல் நிற்கும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மறு பள்ளத்தின் நடு வரை அளங்கள். எனக்கு 12 சென்டிமீட்டர் வந்தது. அதோடு 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட்டினால் சீட்டின் அகலம். உங்கள் மாதிரி ஹைபிரிட்டில் நிமிர்ந்து ஓட்டுபவர் 3-ஐக் கூட்டலாம், ரேஸ் சைக்கிளில் வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிபவருக்கு 2 போதும். பல சீட்டுகளில் 130, 143, 155 என்று மில்லிமீட்டரில் அடியிலோ வாலிலோ அச்சிட்டிருக்கும்.

குனிகிற அளவுக்கும் சீட்டின் அகலத்துக்கும் உறவு இருப்பதைப் புரிந்துகொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். ‘அப்பா ஓட்டிய பழைய ஹெர்குலிஸில் ஸ்பிரிங் வைத்த அகலமான சீட், எவ்வளவு சுகம்’ என்பார்கள். உண்மைதான். அந்தச் சைக்கிளில் முதுகு நேராக, நாற்காலியில் உட்காருவது போல் உட்காருவோம், எடை முழுக்கப் பின்னால் இறங்கும், அதற்கு அகலமும் ஸ்பிரிங்கும் வேண்டும். அதையே குனிந்து ஓட்டுகிற சைக்கிளில் மாட்டினால் தொடையை உரசும், இடுப்பை முன்னால் தள்ளும்.

பெண்களுக்கு இடுப்பெலும்பு பொதுவாகக் கொஞ்சம் அகலம், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் அவர்களும் அட்டையில் வந்த அளவைப் பார்த்து வாங்குவதே நல்லது. முன்பக்கச் சதையில் வலி என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டே சைக்கிளை விட்ட சகோதரிகளை எனக்குத் தெரியும். அந்த வலிக்கு மூக்கை இறக்குவதும், நடுவில் நீளமாகத் திறப்பு வெட்டிய சீட்டும் நன்றாக உதவும்.

மூக்கே இல்லாத சீட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களை ஆறு மாதம் அப்படிப்பட்ட சீட்டில் ஓட்ட வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது, மரத்துப்போவது அவர்களிடம் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் இறக்கத்தில் வளைவு திரும்பும்போது தொடையால் சீட்டின் மூக்கை அணைத்துத்தான் சைக்கிளை அடக்குகிறோம், அதனால் மலைப்பாதைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தோல் சீட் பற்றியும் சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1866-இல் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் தோல் சீட்டுகள் இன்றும் வருகின்றன, சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் எலும்பு இருக்கும் இடம் குழிந்து உங்கள் உடம்புக்கென்றே செய்த மாதிரி ஆகிவிடும். ஆனால் நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும், நம் ஊர் மூடுபனிக்கும் மழைக்கும் எப்போதும் பையில் உறை இருக்க வேண்டும்.

உடையில் கவனம் வையுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நான்கு தையலும் கூடுகிற முடிச்சு சரியாக அழுத்தம் விழும் இடத்தில் இருக்கிறது. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள், உள்ளே ஜட்டி போடாமல் அதை மட்டும் அணிய வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவலாம். குன்னூர்க் குளிரில் அது உறைந்து கெட்டியாகத்தான் இருக்கும், 24 டிகிரிக்குக் கீழே உருகாது, ஆனால் தடவ அதுவே வசதி, தோலில் பட்டதும் இளகிவிடும்.

ஞாயிறு மட்டும் ஓட்டுகிறேன் என்றீர்கள். எலும்பின் மேல் இருக்கும் சதை பழகுவதற்கு அது போதாது. நாற்பது கிலோமீட்டர் போய் வலி வாங்கிக்கொண்டு, அது ஆறும்போது மறுபடி ஞாயிறு வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள், சிம்ஸ் பூங்காவிலிருந்து வெலிங்டன் போய் வருகிற அளவு, அரை மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்த எலும்பு வலி அடங்கும். அந்த வலி சாதாரணம், பயப்பட வேண்டாம். மரத்துப்போவது சாதாரணம் கிடையாது. மரக்கத் தொடங்கியதும் நின்று இறங்குங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இறங்கிச் சில நிமிடத்தில் உணர்வு திரும்பாவிட்டாலோ, அடிக்கடி வந்தாலோ, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ ரத்தமோ இருந்தாலோ, கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். ஓட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழும்பி இருபது எண்ணும் வரை நின்று மிதியுங்கள், ஏற்றத்தில் ஒரு கியர் கடினமாக்கிக்கொண்டு எழும்பினால் சுலபம். டயரிலும் கல் மாதிரி காற்று அடைக்காதீர்கள், பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவின் மேல் எல்லைக்குப் போகத் தேவையில்லை.

ஒன்று விட்டுப்போனது. சீட் போஸ்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் வெளியே இழுக்கக் கூடாது, ஃபிரேமே உடையும். உயரம் சரிசெய்யும்போது போஸ்டை முழுசாக வெளியே எடுத்து, துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி உள்ளே விடுங்கள், பிறகு வருடம் ஒரு முறை ஐப்பசி மழைக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். நம்ம ஈரத்தில் இரண்டு வருடம் அப்படியே விட்ட போஸ்ட் ஃபிரேமோடு பிடித்துக்கொள்ளும், போன மாதம் ஒருவர் கொண்டு வந்ததை இரண்டு பேர் ஒரு மணி நேரம் திருகியும் ஒரு மில்லிமீட்டர் நகரவில்லை.